7.8-உம் 140-உம்: சர்க்கரை அளவை அலகு மாற்றிப் படிப்பது

மலாக்காவில், பாயா ரும்புட்டில் உங்கள் வீட்டுக் கருவி 7.8 என்று காட்டுகிறது. சேலத்தில் இருக்கும் உங்கள் அக்காவின் கருவி 140 என்று காட்டுகிறது. இருவர் இரத்தத்திலும் இருக்கும் சர்க்கரை ஒரே அளவுதான். அளக்கும் அலகு மட்டும் வேறு.

மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் மில்லிமோல் கணக்கு. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் மில்லிகிராம் கணக்கு. பாயா ரும்புட், செங், குருபோங் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இரண்டும் ஒரே வீட்டுக்குள் வந்து மோதுகின்றன. யூடியூப்பில் பேசும் தமிழ்நாட்டு டாக்டர் “140-ஐத் தாண்டக் கூடாது” என்கிறார். அரசாங்க கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) “8.5-க்குள் வையுங்கள் அம்மா” என்கிறார். சென்னைக்கோ மதுரைக்கோ போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வந்தவர் கையில் முழுக்க மில்லிகிராமில் அச்சான ரிப்போர்ட் இருக்கிறது.

2019-இல் எடுத்த தேசியச் சுகாதார, நோய்க் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவரை நெருங்கும் கணக்கு இது. ஆகவே இந்த அத்தியாயத்தில் உள்ளதை நோயாளி மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது. வீட்டில் கூட இருப்பவர்களும் கற்றுக்கொள்ள வேண்டும்.

தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு மட்டும் விளக்கம்

மில்லிகிராம் கணக்கு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று எடையைச் சொல்கிறது. மில்லிமோல் கணக்கு, ஒரு லிட்டரில் எத்தனை குளுக்கோஸ் மூலக்கூறுகள் இருக்கின்றன என்று எண்ணிக்கையைச் சொல்கிறது. ஒரு மில்லிமோல் குளுக்கோஸின் எடை ஏறக்குறைய 180 மில்லிகிராம். அது ஒரு லிட்டருக்கு. 100 மில்லிலிட்டர் என்பது லிட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பதால் 18 மில்லிகிராம். நமக்கு வேண்டிய எண் இந்த 18தான்.

மருத்துவத் துறை முழுவதும் மோல் அடிப்படையிலான அலகுகளுக்கு மாற வேண்டும் என்று 1977-இல் உலகச் சுகாதாரப் பேரவை பரிந்துரைத்தது. சில நாடுகள் மாறின, சில மாறவில்லை. அந்தப் பிரிவு இன்றுவரை அப்படியே நிற்கிறது.

முதல் வேலை: எந்த அலகு என்று கண்டுபிடிப்பது

கணக்கில் இறங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை பெருக்கல் பிழையால் வந்தவை அல்ல. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படித்ததால் வந்தவை.

1. கருவியின் திரையில் எண்ணுக்குக் கீழேயோ பக்கத்திலேயோ சிறிய எழுத்துகள் இருக்கும். ‘எம்எம்ஓஎல்/எல்’ என்றிருந்தால் மில்லிமோல். ‘எம்ஜி/டிஎல்’ என்றிருந்தால் மில்லிகிராம். கண் தெரியவில்லை என்றால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

2. ஆய்வகத் தாளில் எண்ணுக்கு வலப்பக்கம் அலகு அச்சாகி இருக்கும். பழைய இந்திய ரிப்போர்ட்டுகளில் ‘எம்ஜி’ என்று எழுதி விழுக்காட்டுக் குறி போட்டிருப்பார்கள். அதுவும் 100 மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதே.

3. அலகே இல்லாமல் வெறும் எண் வந்தால் (வாட்ஸ்அப்பில் வருவது எல்லாம் அப்படித்தான்) இப்படிப் பாருங்கள். புள்ளியோடு 30-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் மில்லிமோல். புள்ளி இல்லாமல் 40-க்கு மேலே இருந்தால் பெரும்பாலும் மில்லிகிராம். இது ஊகம் மட்டுமே. அனுப்பியவரைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

4. உறுதி செய்த அலகை வெள்ளைப் பிளாஸ்திரியில் எழுதிக் கருவியின் பின்பக்கம் ஒட்டுங்கள். வீட்டில் இரண்டு கருவிகள் இருந்தால் இரண்டிலும் ஒட்டுங்கள்.

*எச்சரிக்கை:* 20-க்கும் 33-க்கும் இடைப்பட்ட எண் எதுவாயினும் அவசரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 25 என்பது மில்லிமோல் என்றால் சர்க்கரை மிக மிக உயர்ந்திருக்கிறது (மில்லிகிராமில் 450). மில்லிகிராம் என்றால் உயிருக்கே ஆபத்தான தாழ்வு (மில்லிமோலில் 1.4). எது என்று தெரியாமல், நோயாளி வியர்த்து நடுங்கிக் குழப்பமாகப் பேசுகிறார், ஆனால் விழுங்க முடிகிறது என்றால், தாழ்வு என்று எடுத்துக்கொண்டு சர்க்கரை கொடுங்கள். கொடுத்துக்கொண்டே 999-ஐ அழையுங்கள். உயர்ந்திருக்கும் சர்க்கரையோடு மூன்று தேக்கரண்டி கூடுவதால் வரும் கெடுதி சிறிது. தாழ்ந்திருக்கும்போது கொடுக்காமல் விடுவதே பெரிய ஆபத்து.

மாற்றும் கணக்கு

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பேரப்பிள்ளை போடக்கூடிய கணக்குதான்.

*மில்லிமோலில் இருந்து மில்லிகிராமுக்கு: 18-ஆல் பெருக்குங்கள்.* மனக்கணக்காகப் போட:

1. எண்ணை 20-ஆல் பெருக்குங்கள். இரட்டித்துப் பத்தால் பெருக்கினால் அதுவே. 6.4 என்றால் 128.
2. வந்த விடையில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 128-இல் 12.8 போனால் 115.2.
3. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை விடுங்கள். 115.

*மில்லிகிராமில் இருந்து மில்லிமோலுக்கு: 18-ஆல் வகுங்கள்.* மனக்கணக்காக:

1. எண்ணைப் பாதியாக்குங்கள். 212 என்றால் 106.
2. அதை 9-ஆல் வகுங்கள். 11.77 வரும்.
3. புள்ளிக்குப் பின் ஓர் எண் போதும். 11.8.

முடித்ததும் ஒரு சரிபார்ப்பு: மில்லிகிராம் எண்தான் எப்போதும் பெரியது. 7.8-ஐ மாற்றி 0.43 வந்தால் பெருக்குவதற்குப் பதில் வகுத்திருக்கிறீர்கள்.

புள்ளிக்குப் பின் இரண்டு மூன்று எண்கள் வரை போட்டுக் கவலைப்பட வேண்டாம். வீட்டுக் கருவிகளுக்கான 2013-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரம், 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 15 விழுக்காடு முன்னே பின்னே காட்டுவதை ஏற்றுக்கொள்கிறது. ஆய்வகத்தில் 140 வரும் இரத்தம் வீட்டுக் கருவியில் 119 முதல் 161 வரை, அதாவது 6.6 முதல் 8.9 வரை, எதுவாகவும் வரலாம். காலையில் 6.9, பத்து நிமிடம் கழித்து 7.3 என்றால் சர்க்கரை ஏறிவிட்டது என்று பொருள் கொள்ள முடியாது.

குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி வைக்க

இடப்பக்கம் மில்லிமோல், வலப்பக்கம் மில்லிகிராம். முழு எண்ணுக்குச் சுருக்கியவை.

3.0 — 54
3.9 — 70
4.4 — 80
5.6 — 100
7.0 — 126
7.8 — 140
8.5 — 153
10.0 — 180
11.1 — 200
13.9 — 250
16.7 — 300
22.2 — 400

இதில் நான்கை மனப்பாடம் செய்யுங்கள்: 3.9-க்கு 70, 5.6-க்கு 100, 10-க்கு 180, 16.7-க்கு 300. மற்றவை இவற்றுக்கு இடையே எங்கே விழும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

3.9-க்குக் கீழே போனால் தாழ்வு. மலேசியச் சுகாதார அமைச்சின் வழிகாட்டுதல், நீரிழிவு உள்ளவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் 4.4 முதல் 7.0 வரை, சாப்பாட்டுக்குப் பின் 4.4 முதல் 8.5 வரை என்று இலக்கு வைக்கிறது. வயதானவர், கர்ப்பிணி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர் ஆகியோருக்கு டாக்டர் வேறு இலக்கு சொல்வார். அவர் சொன்னதே உங்களுடையது. அதை இந்தப் பட்டியலுக்கு மேலே சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

7.0-உம் 11.1-உம் நோயைக் கண்டறியும் எல்லைகள். முன்னது வெறும் வயிற்றில், பின்னது எந்த நேரத்திலும். ஆனால் விரல் நுனிச் சோதனையை வைத்து இனிப்புநீர் இருக்கிறது, இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. நரம்பில் இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்க்க வேண்டும்.

தொலைபேசியில் எப்படிச் சொல்வது

ஊரில் இருந்து தங்கச்சி அழைக்கிறாள்: “அண்ணே, அம்மாவுக்கு இன்னைக்கு சுகர் நூத்தித் தொண்ணூறு.” இங்கே அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. மறுநாள் அவர் சொல்கிறார்: “எனக்குப் பதினொன்னுதான்மா.” அவளோ, “என்னண்ணே, பதினொன்னா? மயக்கம் வரலையா?” என்று பதறுகிறாள். 190 என்பது மில்லிமோலில் 10.6. 11 என்பது மில்லிகிராமில் 198. அம்மாவும் மகனும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள். கவனிக்க வேண்டிய அளவு, பதற வேண்டிய அளவு அல்ல.

தொலைபேசியில் எண்ணோடு மூன்று செய்திகளைச் சேர்த்துச் சொல்லும் பழக்கத்தை வீட்டில் கொண்டு வாருங்கள்: அலகு, சாப்பிடுவதற்கு முன்பா பின்பா, எத்தனை மணிக்கு. “காலை ஏழு மணி, வெறும் வயிறு, மில்லிமோலில் ஆறு புள்ளி எட்டு” என்று சொல்லப் பழகினால் மறுமுனையில் இருப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை.

அடிக்கடி நேரும் பிழைகள்

*புள்ளியை விட்டுவிடுவது.* எல்லாவற்றிலும் மோசமானது இதுவே. 11.2 என்று காட்டுவதை 112 என்று படித்து, அதை மில்லிகிராம் என்று நினைத்துவிட்டால், கெட்ட செய்தி நல்ல செய்தியாகிவிடுகிறது. உண்மையில் 11.2 என்பது 202. நோட்டில் எழுதும்போது புள்ளியைக் கொழுக்கப் போடுங்கள். மில்லிமோல் பயன்படுத்துபவர் 7 என்று வந்தாலும் 7.0 என்று எழுதட்டும்.

*ஊரில் இருந்து வாங்கி வந்த கருவி.* அன்போடு வாங்கித் தருவார்கள். ஆனால் அது மில்லிகிராமில் காட்டும். பெரும்பாலான புதிய கருவிகளில் அலகை மாற்ற முடியாது. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய சிலவற்றில் மாற்ற முடிந்தது. அதுவே ஆபத்தாகவும் ஆனது. தேதியும் நேரமும் அமைக்கும்போது தெரியாமல் அலகு மாறிவிடும் கருவிகளைப் பற்றி 2005-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. இன்சுலின் போடுபவர் ஒரே அலகில் ஒரே கருவியை வைத்துக்கொள்வதே நல்லது. என் கருத்தில், ஊரிலிருந்து வந்த கருவியை அங்கே போகும்போது பயன்படுத்த எடுத்து வைப்பதே சரி. சோதனைக் குச்சிகளும் அந்தக் கருவிக்கென்று உள்ளவையாகவே இருக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் பொருந்தும் என்று நம்ப வேண்டாம்.

*கைப்பேசிச் செயலியின் அமைப்பு.* செயலியில் மில்லிகிராம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க, நீங்கள் மில்லிமோல் எண்ணைத் தட்டினால் அது உங்களை எப்போதும் தாழ்வில் இருப்பதாகக் காட்டும். நிறுவியதும் முதலில் அலகைப் பாருங்கள்.

*எல்லாவற்றுக்கும் 18-ஐப் போடுவது.* குளுக்கோஸுக்கு மட்டுமே 18. கொலஸ்டிராலுக்கு 38.7. டிரைகிளிசரைடுக்கு 88.6. சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினினுக்கு 88.4, அதுவும் மில்லிகிராமில் இருந்து மைக்ரோமோலுக்குப் போகப் பெருக்க வேண்டும். மலேசியத் தாளில் கிரியாட்டினின் 88 என்று பார்த்துவிட்டு, ஊரில் 1.0 என்று இருந்ததே என்று அலறுபவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றே.

*கழுவாத கை.* இது அலகுப் பிழை அல்ல, ஆனால் தப்பான எண்ணை எவ்வளவு சரியாக மாற்றினாலும் தப்பான எண்தான் வரும். ரம்புத்தானோ மாம்பழமோ உரித்த விரலில் குத்தினால் பழச்சாற்றின் சர்க்கரையும் சேர்ந்து அளக்கப்படும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, அதன் பிறகு குத்துங்கள்.

மூன்று மாதச் சராசரி: எச்பிஏ1சி

இதற்கு 18 கணக்கு கிடையாது. இங்கும் இந்தியாவிலும் இதை விழுக்காட்டில் சொல்வார்கள். சில தாள்களில் பக்கத்திலேயே ‘ஒரு மோலுக்கு இத்தனை மில்லிமோல்’ என்று இன்னோர் எண் இருக்கும். 7 விழுக்காட்டுக்கு நேராக 53 என்று போட்டிருக்கும். அதைச் சர்க்கரை 53 மில்லிமோல் என்று படித்துவிடாதீர்கள்.

மாற்ற வேண்டுமானால்: விழுக்காட்டில் 2.15-ஐக் கழித்து, வந்ததை 10.93-ஆல் பெருக்குங்கள். 8 விழுக்காடு என்றால் 5.85 பெருக்கல் 10.93, அதாவது 64.

அந்த விழுக்காடு அன்றாடச் சராசரியில் எவ்வளவு என்று தெரிந்துகொள்வது இன்னும் பயனுள்ளது. 7 விழுக்காடு என்றால் சராசரி ஏறக்குறைய 8.6 (மில்லிகிராமில் 154). 8 என்றால் 10.2 (183). 9 என்றால் 11.8 (212). 10 என்றால் 13.4 (240).

மலேசிய வழிகாட்டுதல் 6.3 விழுக்காட்டில் இருந்தே நீரிழிவு என்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை 6.5. ஆகவே 6.4 உள்ளவரை மலாக்காவில் நோயாளி என்றும் சென்னையில் நோயின் வாசலில் இருப்பவர் என்றும் சொல்லலாம். ஆய்வகம் எதுவும் தவறு செய்யவில்லை. நீங்கள் சிகிச்சை எடுக்கும் இடத்தின் கணக்கைப் பின்பற்றுங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு: இன்சுலினிலும் ஓர் அலகுச் சிக்கல்

இன்சுலின் போட்டுக்கொள்பவர் இந்தப் பகுதியைப் பயணத்துக்கு முன் இரண்டு முறை படியுங்கள்.

மலேசியாவில் கிடைக்கும் இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். இந்தியாவில் பேனா இன்சுலின் அதே 100 யூனிட்தான். ஆனால் புட்டியில் வரும் இன்சுலின் 40 யூனிட்டாகப் பரவலாக விற்கப்படுகிறது. ஊசிக் குழாயும் அதற்கேற்ப இரண்டு வகை: 40-க்கு உரியதில் சிவப்பு மூடி, 100-க்கு உரியதில் ஆரஞ்சு மூடி.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? 40 யூனிட் மருந்தை 100 குழாயில் ‘10’ வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட். சர்க்கரை ஏறும். 100 யூனிட் மருந்தை 40 குழாயில் ‘10’ வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். இது உயிரைப் பறிக்கக்கூடிய அளவு.

1. பயண நாள்களுக்கும் அதற்கு மேல் ஒரு வாரத்துக்கும் தேவையான இன்சுலின், ஊசி, குச்சி ஆகியவற்றை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.
2. அவற்றை விமானத்தில் கைப்பையில் வையுங்கள். சரக்கில் போடும் பெட்டியில் இன்சுலின் உறைந்து கெடலாம். டாக்டர் கடிதத்தையும் கூடவே வையுங்கள்.
3. அங்கே வாங்க நேர்ந்தால் மருந்துப் புட்டியையும் குழாயையும் ஒரே கடையில், ஒரே நேரத்தில் வாங்கி, இரண்டிலும் 40-ஆ 100-ஆ என்று சரிபாருங்கள். மனக்கணக்கால் சமாளிக்க முயல வேண்டாம்.
4. ‘சர்க்கரை இத்தனைக்கு மேல் போனால் இத்தனை யூனிட் கூடுதல்’ என்று உங்களுக்கு அட்டவணை இருந்தால், புறப்படுவதற்கு முன் டாக்டரிடமே இரண்டு அலகிலும் எழுதி வாங்குங்கள். சர்க்கரை எண்ணை 18-ஆல் பெருக்கலாம். இன்சுலின் யூனிட்டை ஒருபோதும் பெருக்கக் கூடாது.

சர்க்கரை தாழ்ந்தால்

3.9-க்குக் கீழே, அதாவது 70-க்குக் கீழே என்றால், கணக்கை ஓரமாக வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

1. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். இல்லையேல் சர்க்கரை உள்ள பானம் அரைக் கோப்பை. ‘சீரோ’ என்று எழுதியது உதவாது. சாக்லெட், ரொட்டி சானாய் போன்ற கொழுப்புள்ளவை மெதுவாகவே ஏற்றும். இந்த நேரத்துக்கு அவை வேண்டாம்.
2. 15 நிமிடம் காத்திருங்கள்.
3. மறுபடி சோதியுங்கள். இன்னும் தாழ்வு என்றால் மறுபடி அதே அளவு கொடுங்கள்.
4. ஏறியதும் சாப்பாடு சாப்பிட வையுங்கள்.
5. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள்.

மாசி மகத்துக்குச் சன்னாசிமலை ஆண்டவருக்கு விரதம் இருந்து காவடி எடுப்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றோடு வெயிலில் நடக்கும்போது தாழ்வு வருவது எளிது. விரதம் தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் மருந்து அளவைப் பேசிக்கொள்ளுங்கள். உடன் நடப்பவர் சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலமும் கருவியும் இருக்கட்டும். சாமி கோபித்துக்கொள்ளாது.

மறுபக்கம்: எண் 16.7-க்கு மேலேயே (300) நின்று, தாகம், வாந்தி, மூச்சிரைப்பு, சோர்வு சேர்ந்தால் வீட்டில் இருந்து மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் மலாக்கா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். திரையில் எண்ணுக்குப் பதிலாக ‘எச்ஐ’ என்று வந்தால் கருவியால் அளக்க முடியாத உயரம், பல கருவிகளில் 33.3-க்கு மேல். ‘எல்ஓ’ என்றால் அளக்க முடியாத தாழ்வு.

நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அலகை எழுதுங்கள். தேதி, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எண், குறிப்பு என்று ஐந்து கட்டம் போதும். ஊரில் இருந்தபோது எடுத்த எண்களை அங்கே வந்த அலகிலேயே எழுதி, மாற்றிய எண்ணை வேறு நிற மையில் பக்கத்தில் போடுங்கள். மூல எண்ணை அழிக்காதீர்கள். மாற்றியதில் பிழை இருந்தால் டாக்டர் மூல எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது இந்த நோட்டையும் கருவியையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். ஊர் ரிப்போர்ட்டில் உள்ளதை மாற்றிப் பார்த்து எண் கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று தெரிந்தாலும், டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.